40 தாண்டின பிறகு கம்மி பட்ஜெட்ல டிரெண்டியா டிரெஸ் வாங்கறது: என்னோட ஒரு வருஷ ரிவ்யூ

முதல்ல கணக்கைச் சொல்லிடறேன். போன ஒரு வருஷத்துல எனக்குன்னு நான் வாங்கின துணி மொத்தம் 26. அதுல 12 ஒரு சீப்பான ஃபேஷன் ஆப்ல, 8 பெரிய செயின் கடைகள்ல நேர்ல போய், மீதி 6 செகண்ட் ஹேண்ட். இன்னைக்கு தேதிக்கு நான் இஷ்டப்பட்டு எடுத்துப் போட்டுக்கறது 13 தான். ஆப்ல வாங்கினதுல 3, கடையில வாங்கினதுல 5, செகண்ட் ஹேண்ட்ல 5. அதாவது வாங்கினதுல பாதி அலமாரிக்குள்ள மடிச்சு கிடக்கு. ஒவ்வொண்ணையும் எத்தனை தடவை போட்டேன், எப்ப நைஞ்சுதுன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன், அதைப் பார்த்துதான் இந்த ரிவ்யூ எழுதறேன்.

எனக்கு 42 வயசு. ஆபிஸ் போறேன், மாசா மாசம் துணிக்குன்னு ஒரு தொகை தனியா எடுத்து வெச்சிடுவேன், அதுக்கு மேல ஒரு பைசா போகக்கூடாதுன்றது எனக்கு நானே போட்டுக்கிட்ட கண்டிஷன். அந்தத் தொகைக்குள்ள பார்க்க புதுசா, இப்போ எல்லாரும் போடற மாதிரி, ஆனா என் வயசுக்கும் என் உடம்புக்கும் பொருந்தற மாதிரி டிரெஸ் வேணும். இது கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா தேடிப் பாருங்க. கம்மி விலையில டிரெண்டியா வர்றதெல்லாம் 19 வயசு பொண்ணு உடம்பை மனசுல வெச்சு வெட்டினது. டாப் தொப்புளுக்கு மேல நிக்குது, அக்குள் வெட்டு டைட்டா இருக்கு இல்ல உள்ளாடை தெரியற அளவுக்கு கீழ இறங்கியிருக்கு, டிரெஸ் முட்டிக்கு ஒரு ஜாண் மேல முடியுது. சரி பெரியவங்க செக்ஷன் போவோம்னா அங்க அதே பழுப்பு, அதே பூப்போட்ட தொளதொள டாப், நமக்கு இனிமே ஆசையே கிடையாதுன்னு யாரோ முடிவு பண்ணின மாதிரி. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற நமக்கு என்ன இருக்குன்னு தேடினதுதான் இந்த ஒரு வருஷம்.

ஆப்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அதிகமா ஏமாந்தது அங்கதான். பேரு வேண்டாம், இந்த மாதிரி ஆப் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்யுது. திறந்த உடனே ஒரு கூப்பன், அதுக்குப் பக்கத்துல ஓடிக்கிட்டே இருக்கற ஒரு கடிகாரம், இன்னும் 14 நிமிஷம்தான்னு சொல்லும். ஒரு நாள் ராத்திரி நான் எதையும் வாங்காம அந்தக் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். சைபர் வந்துச்சு. ஆப்பை மூடித் திறந்தேன், மறுபடி 15 நிமிஷத்துல இருந்து ஓட ஆரம்பிச்சுது, அதே கூப்பன். அன்னையில இருந்து அவசரப்பட்டு நான் ஒரு பட்டனும் அழுத்தறதில்ல. அப்புறம் அந்த ஃப்ரீ டெலிவரி. இன்னும் கொஞ்சத்துக்கு வாங்கினா டெலிவரி காசு கிடையாதுன்னு போட்டிருக்கும், அந்தக் கொஞ்சத்துக்காக நான் சேர்த்த மூணு டாப்ல ஒண்ணைக்கூட ரெண்டு தடவைக்கு மேல போடல. டெலிவரி காசையே கொடுத்திருந்தா எவ்வளவோ மிச்சம்.

அங்க வாங்கினதுல என்னை ரொம்ப நோகடிச்சது ஒரு பாட்டில் பச்சை சாட்டின் ஷர்ட். போட்டோல தண்ணி வழியற மாதிரி விழுந்துச்சு, அப்படி ஒரு மினுமினுப்பு. வந்து பிரிச்சா கைல எடுக்கறப்பவே சரசரன்னு சத்தம், நகம் பட்ட இடத்துல நூல் இழுத்துக்கிச்சு. போட்டுப் பார்த்தேன், மார்பு கிட்ட ரெண்டு பட்டனுக்கு நடுவுல வாய் திறந்த மாதிரி இடைவெளி. நிக்கறப்போ தெரியல, கையை முன்னாடி நீட்டினா அப்படியே விரியுது. பட்டனுக்கும் பட்டனுக்கும் நாலு விரக்கடை தூரம் வெச்சிருக்காங்க, ஒரு பட்டன் மிச்சம் பண்ணியிருக்காங்க. காஜா ஓரத்துல பிசிறு. லேபிள் பார்த்தா 100 சதவீதம் பாலியஸ்டர். சாட்டின்னா அது நெசவு செய்யற விதத்தோட பேரு, நூலோட பேரு இல்ல. பட்டுலயும் சாட்டின் நெய்யலாம், பாலியஸ்டர்லயும் நெய்யலாம், இது எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. ஆபிஸ்ல ஒரு மீட்டிங்க்கு போட்டுக்கிட்டுப் போனேன், ரெண்டு மணி நேரம் கையை மடியில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். மொத்தம் ரெண்டே தடவை. திருப்பி அனுப்பலாம்னா காசு பேங்க் கணக்குக்கு வராது, ஆப்போட வாலட்லதான் ஏறும்னு சின்ன எழுத்துல போட்டிருந்தாங்க, அதுல மறுபடி அங்கேயேதான் வாங்கணும். இதை ஆர்டர் போடறதுக்கு முன்னாடி படிக்கணும், நான் படிக்கல.

பாலியஸ்டரே மோசம்னு நான் சொல்ல வரல. 1941ல இங்கிலாந்துல வின்ஃபீல்டு, டிக்சன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சது, கசங்காது, சீக்கிரம் காயும், சாயம் சட்டுன்னு போகாது. அதே ஆப்ல நான் வாங்கின கருநீல அகலக் கால் பேன்ட் பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்தது, அதைத்தான் இந்த வருஷம் அதிகமா போட்டிருக்கேன், நோட்டுல 51 தடவைன்னு இருக்கு. பேன்ட்டுக்கு அது சரி, உடம்போட ஒட்டற, அக்குள்ல வேர்க்கற டாப்புக்குத்தான் அது சரியில்ல, காத்து போகாது, வேர்வை வாடை துணியிலேயே தங்கிடும், எவ்வளவு துவைச்சாலும் இஸ்திரி போடறப்போ மறுபடி வரும். இப்போ என் கணக்கு இதுதான், இடுப்புக்குக் கீழ பாலியஸ்டர் ஓகே, இடுப்புக்கு மேல காட்டன், லினன், விஸ்கோஸ் இல்ல நல்ல கலப்பு.

விஸ்கோஸ் பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா கம்மி விலையில அழகா விழற துணின்னா முக்கால்வாசி அதுதான். மரக்கூழ்ல இருந்து எடுக்கற நூல், கைக்கு குளுகுளுன்னு இருக்கும், நல்லா தொங்கும். ஆனா ஈரமா இருக்கறப்போ அதோட பலம் குறைஞ்சிடும். அதனால முறுக்கிப் பிழியவே கூடாது. எனக்கு இது தெரியாம ஒரு பூப்போட்ட மிடி டிரெஸ்ஸை, அதாவது கெண்டைக்கால் வரைக்கும் வர்றதை, மத்த துணியோட போட்டு நல்லா முறுக்கிப் பிழிஞ்சு தொங்க விட்டேன், காஞ்சதும் பார்த்தா நீளம் ரெண்டு இன்ச் சுருங்கி, பக்கத் தையல் ஓரத்துல துணி இழை விலகி சல்லடை மாதிரி தெரியுது. நல்ல டிரெஸ் அது. தப்பு துணியோடது இல்ல.

சைஸ் விஷயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரு இடத்துல எம், ஒரு இடத்துல எக்ஸெல், ஒரே கடையில ரெண்டு பேன்ட்டுக்கு ரெண்டு சைஸ். ரொம்ப நாளா என் உடம்புலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சு மனசு கஷ்டப்பட்டிருக்கேன், டிரையல் ரூம்ல கண்ணு கலங்கினதுகூட உண்டு. நிஜம் என்னன்னா பொதுவான சைஸ்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. அமெரிக்காவுல 1939, 40ல அரசாங்கமே சுமார் 15,000 பெண்களை அளவெடுத்து, அதை வெச்சு 1958ல ஒரு பொது அளவு கொண்டுவந்தாங்க, அதையும் 1983ல கைவிட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு கம்பெனியும் அதுஅதோட இஷ்டத்துக்கு ஒரு அளவு வெச்சுக்குது. அதனால டேக்ல இருக்கற எழுத்துக்காக யாரும் வருத்தப்படாதீங்க, அது உங்களைப் பத்தி சொல்ற விஷயமே இல்ல.

நான் இப்போ பண்றது இது. என்கிட்ட நல்லா பொருந்தற ஒரு ஷர்ட்டையும் ஒரு பேன்ட்டையும் தரையில விரிச்சு டேப் வெச்சு அளந்து போன்ல எழுதி வெச்சிருக்கேன். அக்குள்ல இருந்து அக்குள் வரைக்கும் குறுக்கால, தோள்பட்டை தையல்ல இருந்து தையல் வரைக்கும், முதுகு நீளம், பேன்ட்டுக்கு இடுப்பு, தொடை, முன்பக்கம் இடுப்புப் பட்டையில இருந்து கால் ரெண்டும் சேர்ற தையல் வரைக்கும். இந்தக் கடைசி அளவை யாரும் பார்க்கறதில்ல, ஆனா 40 தாண்டின வயித்துக்கு அதுதான் முக்கியம், அது 11 இன்ச்க்கு குறைஞ்சா உக்காந்தா வயித்தை அறுக்கும். ஆன்லைன்ல சைஸ் சார்ட் பார்க்கறப்போ அது உடம்போட அளவா இல்ல துணியோட அளவான்னு பாருங்க, ரெண்டும் வேற வேற. உடம்பு அளவுன்னு போட்டிருந்தா உங்க மார்பு சுத்தளவை வெச்சு பாருங்க, துணி அளவுன்னு போட்டிருந்தா விரிச்சு அளந்ததை வெச்சு பாருங்க. இதைக் குழப்பிக்கிட்டுத்தான் நான் நாலு டாப் தப்பா வாங்கினேன்.

ஆப்ல ரிவ்யூ படிக்கறதும் ஒரு பழக்கம்தான். அஞ்சு ஸ்டார் போட்டு சூப்பர்னு ஒரு வார்த்தை எழுதினவங்களை நான் விட்டுடுவேன், பல பேர் பார்சல் வந்த சந்தோஷத்துல துவைக்கறதுக்கு முன்னாடியே எழுதினது அது. ஒரு ஸ்டார் போட்டவங்கள்ல பாதிப்பேர் டெலிவரி லேட்டுன்னு கோவப்பட்டிருப்பாங்க. மூணு ஸ்டார் போட்டவங்கதான் நிதானமா எழுதுவாங்க, துணி நல்லாருக்கு ஆனா கை டைட், கலர் போட்டோவை விட ஒரு ஷேட் கம்மி, ரெண்டு துவைக்கு அப்புறம் உருண்டை உருண்டையா வருதுன்னு. நம்ம வயசு, நம்ம உடம்பு மாதிரி இருக்கறவங்க வீட்டு விளக்குல கண்ணாடி முன்னாடி நின்னு எடுத்த போட்டோ ஒண்ணு கிடைச்சா அதுக்கு மேல வேற எதுவும் வேண்டாம். மாடல் போட்ட போட்டோல முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்து வெச்சிருப்பாங்க, அதை நம்பி இடுப்பு ஷேப்பா இருக்குன்னு வாங்கவே கூடாது. அதனாலதான் முதுகுப் பக்கம் போட்டோ இல்லாத டிரெஸ்ஸை நான் தொடறதே இல்ல.

இவ்வளவு சீப்பா எப்படி விக்கறாங்கன்ற கேள்வி எனக்கு அந்தப் பச்சை ஷர்ட்டைக் கைல வெச்சிருந்தப்போதான் வந்துச்சு. ஒரு டிரெஸ்ஸோட தயாரிப்பு செலவுல பெரிய பங்கு துணிக்கே போகுது. அதனால மிச்சம் பிடிக்கணும்னா முதல்ல கைய வைக்கறது அங்கதான். மெல்லிசு துணி, தையலுக்கு உள்ள விடற இடத்தைக் கம்மி பண்றது, கீழ மடிப்பை அரை இன்ச்ல முடிக்கறது, பாக்கெட்டே வைக்காம மேல ஒரு மடல் மட்டும் தைச்சு ஏமாத்தறது. அதுக்கு அடுத்தது தைக்கறவங்க கூலி. எந்த மெஷின் வந்தாலும் ஒரு ஷர்ட்டோட கையை அக்குள்ல பொருத்தி வளைச்சுத் தைக்கறது இன்னமும் ஒரு மனுஷியோட ரெண்டு கைதான். 2013 ஏப்ரல் 24ல பங்களாதேஷ்ல டாக்கா பக்கத்துல சவார்ல ராணா பிளாசான்னு எட்டு மாடிக் கட்டடம் இடிஞ்சு 1,100க்கு மேல செத்துப் போனாங்க, அதுல நிறைய பேர் தையல் வேலைக்கு வந்த பெண்கள். அதுக்கு முந்தின நாளே சுவர்ல விரிசல் தெரிஞ்சுது, கீழ இருந்த கடையும் பேங்க்கும் மூடிட்டாங்க, மறுநாள் காலையில தையல்காரங்களை மட்டும் உள்ள வரச் சொன்னாங்க. இதைப் படிச்ச பிறகு சீப்பா வாங்கறதை நான் நிறுத்திட்டேன்னு சொன்னா பொய், என் பட்ஜெட்ல வேற வழி இல்ல. ஆனா ரெண்டு தடவை போட்டுத் தூக்கிப் போடற மாதிரி வாங்கறதை நிறுத்திட்டேன். ஒருத்தி குனிஞ்சு உக்காந்து தைச்சதை நான் ஐம்பது தடவையாவது போடணும்னு இப்போ ஒரு வைராக்கியம் இருக்கு.

சரி, கடைக்கு வர்றேன். பெரிய செயின் கடைங்க எல்லாமே டிரெண்டை சீக்கிரமா சாதாரண ஆளுங்க கைக்கு எட்ட வைக்கறதுல வளர்ந்ததுதான். எச் அண்ட் எம் 1947ல ஸ்வீடன்ல பெண்கள் துணிக்கடையா ஆரம்பிச்சுது, ஜாரா 1975ல ஸ்பெயின்ல லா கொருன்யாவுல ஒரு கடையா ஆரம்பிச்சுது. 2004ல கார்ல் லாகர்ஃபெல்ட் மாதிரி ஒரு பெரிய டிசைனர் எச் அண்ட் எம்முக்கு டிசைன் பண்ணிக் கொடுத்தப்போ கடை வாசல்ல கூட்டம் அலைமோதுச்சு. இந்த மாதிரி கடைகள்ல நமக்குக் கிடைக்கற பெரிய நன்மை கைல தொட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்து வாங்கறது. அதை முழுசா பயன்படுத்திக்கணும். நான் 8ல 5 சரியா வாங்கினதுக்கு அதுதான் காரணம், சரியில்லாத மூணும் கூட்டமா இருக்குன்னு போட்டுப் பார்க்காம எடுத்தது.

கடையில துணியை எடுத்ததும் நான் முன்பக்கம் பார்க்கறதில்ல, உள்பக்கத்தைத் திருப்பிடுவேன். பக்கத் தையலை ரெண்டு கையாலயும் பிடிச்சு லேசா ரெண்டு பக்கமும் இழுக்கணும். தையலுக்கு நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா, நூல் ஏணி மாதிரி விரிஞ்சா, அதைத் தொங்க விட்டுட்டு நகர்ந்துடுவேன், ஒரு மாசத்துல அந்த இடம் பிரியும். ஓவர்லாக் அடிச்ச ஓரத்துல நூல் தொங்குதா, கோடு போட்ட துணின்னா ரெண்டு பக்கத்துக் கோடும் தையல்ல சேருதா, பட்டனைச் சுத்திப் பார்த்தா நூல் ஆடுதா. அப்புறம் துணியைத் தூக்கி கடை விளக்குக்கு நேரா பிடிச்சு உள்ள கையை விட்டுப் பார்ப்பேன், விரல் கணக்கா தெரிஞ்சா உள்ள ஒண்ணு போட்டாத்தான் வெளிய போக முடியும், அப்போ அந்த உள்டிரெஸ் விலையையும் சேர்த்துத்தான் பார்க்கணும். டி ஷர்ட்டுக்கு ஜிஎஸ்எம்னு ஒரு கணக்கு இருக்கு, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு, ஆன்லைன்ல சில பேர் போடறாங்க. 130, 140னா மெல்லிசு, வெள்ளையா இருந்தா உள்ள தெரியும். 180 பக்கம் இருந்தா உடம்போட மேடு பள்ளத்தை அப்பட்டமா காட்டாம அழகா நிக்கும். இது தெரிஞ்ச பிறகு ஒரு வெள்ளை டி ஷர்ட் வாங்கினேன், பத்து மாசமாச்சு, இன்னும் கழுத்து தொங்கல.

டிரையல் ரூம்ல நின்னு பார்த்தா பத்தாது. உக்காரணும், குனிஞ்சு ஷூ லேஸ் கட்டற மாதிரி பண்ணணும், ரெண்டு கையையும் பஸ் கம்பி பிடிக்கற மாதிரி தூக்கணும். கையைத் தூக்கறப்போ டாப் மொத்தமா மேல ஏறினா அக்குள் வெட்டு தப்பு, அதை டெய்லர் சரி பண்றது ரொம்ப கஷ்டம். நீளம், இடுப்பு, கை நீளம் இதெல்லாம் ஆல்டர் பண்ணிக்கலாம், தோளும் அக்குளும் அவ்வளவு சுலபமா முடியாது. கம்மி விலை துணியில உள்ள விட்ட துணியே இருக்காது, அதனால டைட்டா வாங்கிட்டு பிரிச்சுக்கலாம்னு நினைக்கவே நினைக்காதீங்க, லூஸா வாங்கிப் பிடிச்சுக்கறதுதான் வழி. டெய்லருக்குக் கொடுக்கறதையும் நான் விலையோட சேர்த்துடுவேன்.

ஜீன்ஸ் வாங்கறவங்க லேபிள்ல எலாஸ்டேன் எத்தனைன்னு பாருங்க. 1958ல டூபான்ட் கம்பெனியில ஜோசப் ஷிவர்ஸ்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச, இழுத்தா நீளற நூல் அது, ஸ்பேன்டெக்ஸ்னாலும் அதுதான். ஒண்ணு ரெண்டு சதவீதம் இருந்தா உக்கார்றதுக்கு சுகம். அதிகமா இருந்தா கடையில போடறப்போ ரப்பர் மாதிரி அப்படியே உடம்போட ஒட்டும், மனசு குளிர்ந்து வாங்கிடுவோம், நாலு மணி நேரம் போட்டா முட்டி விழுந்து பின்பக்கம் தொங்கிடும். சூட்டுல சீக்கிரம் நைஞ்சும் போயிடும், அதனால சுடுதண்ணி, டிரையர் ரெண்டும் ஆகாது. என் பெரிய ஏமாற்றத்துல ஒண்ணான ஒரு ஜீன்ஸ் இப்படித்தான் ஆச்சு, மூணே மாசத்துல தொடை உள்பக்கம் தேஞ்சு வெள்ளை நூல் நிக்குது.

இன்னொண்ணு, கடைக்குப் போனா ஆம்பளைங்க செக்ஷனையும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. லூஸான ஷர்ட்தான் இப்போ டிரெண்டு, அதுக்கு நான் ஆம்பளைங்க ஷர்ட் ஸ்மால் சைஸ் எடுத்தேன். கெட்டியான காட்டன், பட்டன் நெருக்கமா இருக்கு, நெஞ்சுல நிஜமான பாக்கெட். கையை ரெண்டு மடிப்பு மடிச்சு, முன்பக்கம் மட்டும் பேன்ட்டுக்குள்ள சொருகி விட்டா எங்க வாங்கினன்னு கேக்கறாங்க. என் பொண்ணே ரெண்டு தடவை கடன் வாங்கிட்டுப் போயிட்டா, அவளுக்கு 17.

டிரெண்டை எப்படிப் பிடிக்கறதுன்னா, நான் ஒரு நேரத்துல ஒண்ணுதான். அகலக் கால் பேன்ட்டுன்னா மேல பிளெயினா ஒரு டி ஷர்ட். கலர் டிரெண்டா இருந்தா கட்டிங் சாதாரணமா எடுப்பேன். ரெண்டையும் சேர்த்துப் போட்டா எனக்கு வேஷம் கட்டின மாதிரி இருக்கு. ஒரே துணியில டாப்பும் பேன்ட்டும் சேர்ந்து வர்ற கோ ஆர்ட் செட் நம்ம வயசுக்கு ரொம்ப நல்ல விஷயம், சேர்த்துப் போடலாம், பிரிச்சுப் போடலாம், ஒரு விலையில மூணு விதமா ஆகுது. மிடி நீளமும் நம்ம வயசுக்கு நல்ல விஷயம்தான். அலமாரியில ஏற்கெனவே இருக்கற மூணு துணியோட சேராத எதையும் நான் எடுக்கறதில்ல, கடையில நின்னே கண்ணை மூடி யோசிப்பேன், மூணு வரலன்னா வெச்சிடுவேன். சீசன் முடியறப்போ போடற தள்ளுபடியில கோட், ஸ்வெட்டர், கருப்பு பேன்ட் மாதிரி மாறாத சாமான் எடுக்கலாம், அந்த நேரத்துல டிரெண்டு டாப் எடுத்தா அடுத்த சீசனுக்குள்ள அது பழசு.

இப்போ செகண்ட் ஹேண்ட். எனக்கு ரொம்ப தயக்கமா இருந்தது இது, ஆனா இந்த வருஷம் என் மனசை மாத்தினது இதுதான். இதுக்குன்னே ஆப் நிறைய இருக்கு, லிதுவேனியாவுல 2008ல ஆரம்பிச்ச விண்டெட், அமெரிக்காவுல த்ரெட்அப், பாஷ்மார்க்னு ஒவ்வொரு பக்கமும் ஒண்ணு. நான் முதல்ல வாங்கினது செங்கல் கலர்ல ஒரு லினன் ஷர்ட். பார்சல் வந்தப்போ அம்மா பக்கத்துல இருந்தாங்க. "யார் போட்டதோ என்னவோ, உனக்கு என்ன தலையெழுத்துடி"ன்னாங்க. நான் பதில் சொல்லாம கைல கொடுத்தேன். அம்மா இளவயசுல வீட்டுல மெஷின் வெச்சுத் தைச்சவங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு காலரைத் திருப்பிப் பார்த்தாங்க, உள் தையல்ல ஓரம் வெளிய தெரியாம மடிச்சு அடிச்சிருந்ததை விரலால தடவினாங்க, பட்டனுக்குப் பின்னாடி குட்டியா இன்னொரு பட்டன் வெச்சு தைச்சிருந்ததைக் காட்டினாங்க. "பொறுமையா தைச்சிருக்கா"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க, அதுக்கப்புறம் ஷர்ட்டைத் திருப்பிக் கொடுக்க ரொம்ப நேரமாச்சு.

அப்போதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. புதுத் துணி நமக்கு காட்டறது கடைசி இஸ்திரி போட்ட முகத்தைத்தான், துவைச்ச பிறகு என்ன ஆகும்னு சத்தியமா யாருக்கும் தெரியாது. பழைய துணி ஏற்கெனவே இருபது முப்பது துவை பார்த்திருக்கு. சுருங்க வேண்டியது சுருங்கியாச்சு, போக வேண்டிய சாயம் போயாச்சு, பிரிய வேண்டிய தையல் பிரிஞ்சிருந்தா கண்ணுக்கே தெரியும். அதுக்கப்புறமும் நல்லா இருக்குன்னா அது நல்ல துணி. நான் ஒரு புது சீப் ஷர்ட்டுக்குக் கொடுக்கற காசுலயே, நான் புதுசா ஒருநாளும் வாங்க முடியாத தரத்துல ஒண்ணு கிடைச்சுது. நோட்டுல அந்த ஷர்ட்டுக்கு நேரா 44னு இருக்கு.

கவனமா இருக்க வேண்டிய இடங்களும் இருக்கு. விக்கறவங்க கிட்ட லேபிள் போட்டோ, விரிச்சு வெச்சு அக்குள் டு அக்குள் அளந்த போட்டோ, அக்குள் உள்பக்க போட்டோ மூணும் கேட்டு வாங்குங்க, தரமாட்டேன்னா விட்டுடுங்க. வெளிச்சத்துல எடுத்ததா இருக்கணும். அக்குள்ல மஞ்சள் கறை, காலர் மடிப்புல தேஞ்சது, பேன்ட்னா தொடை சேர்ற இடம், ஜிப் முழுசா ஏறி இறங்குதா. பட்டன் இல்லன்னா பரவாயில்ல, சின்ன தையல் பிரிஞ்சிருந்தா பரவாயில்ல, அதுக்கு விலை குறைச்சுக் கேக்கலாம். கறையும் வாடையும் இருந்தா வேண்டவே வேண்டாம். எனக்கு வந்த 6ல ஒண்ணு ஸ்வெட்டர், சென்ட் வாடை அஞ்சு துவைக்கும் போகல. திருப்பி எடுத்துக்கற வழியும் முக்கால்வாசி இருக்காது. உள்ளாடை, நீச்சல் டிரெஸ், ஷூ இதெல்லாம் நான் இதுல தொடறதில்ல. வந்த உடனே துவைச்சு வெயில்ல காய வெச்சுத்தான் அலமாரிக்குள்ள வைக்கறேன்.

பராமரிப்பு பத்தி சுருக்கமா. லேபிள்ல இருக்கற படங்களைப் படிக்கப் பழகுங்க, தொட்டிக்குள்ள கை இருந்தா கையால துவைக்கணும், முக்கோணத்துல பெருக்கல் குறி போட்டிருந்தா பிளீச் ஆகாது, சதுரத்துக்குள்ள வட்டம்னா டிரையர், வெறும் வட்டம்னா டிரை கிளீனிங் சமாச்சாரம். டிரை கிளீன் மட்டும்னு போட்ட சீப் டாப்பை வாங்காதீங்க, ஒவ்வொரு தடவையும் கொடுக்கற காசு டாப் விலையைத் தாண்டிடும். துணியை உள்பக்கம் திருப்பி பச்சைத் தண்ணியில துவைச்சா உருண்டை வர்றது நிஜமாவே குறையுது.

மார்க் போடணும்னா, ஆப்புக்கு அஞ்சுக்கு ரெண்டு, அதுவும் பேன்ட்டுக்காக. செயின் கடைக்கு மூணரை, போட்டுப் பார்க்க நேரம் இருக்கற நாள்ல போனா நாலு. செகண்ட் ஹேண்டுக்கு நாலரை, அரை மார்க் அந்த ஸ்வெட்டருக்காகக் குறைச்சேன். அடுத்த வருஷம் துணிக்காசுல பாதியை அங்கேயே ஒதுக்கியிருக்கேன், 26 இல்ல, 14 தான் வாங்கறதா பிளான்.

முதல்ல வேண்டியது ஒரு கருப்பு பேன்ட். நேர் கால், முன்பக்க உயரம் 11 இன்ச், போன் முழுசா உள்ள போற மாதிரி நிஜமான பாக்கெட். எட்டு மாசமா தேடறேன், மூணு கடையில போட்டுப் பார்த்து மூணையும் திருப்பி மாட்டிட்டு வந்துட்டேன். அப்படி ஒண்ணு யார் கண்ணுலயாவது பட்டா தயவுசெய்து சொல்லுங்க.